ரெண்டு ரூபாய் அறுபத்தாறு காசு

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் பொருள்கள் இரண்டே வகை. தேய்மானம் உள்ளவை, இல்லாதவை. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. மாமனார் செய்த உபகாரங்களுக்கும் கிடையாது. மற்றதெல்லாம் மார்ச் 31 ஆனால் கொஞ்சம் தேய்ந்தே ஆகவேண்டும்.

பிளஸ் ஒன்னில் 'குறைந்து செல் மதிப்பு முறை' என்று ஒன்று படித்திருப்பீர்கள். மறந்திருந்தால் பாதகமில்லை, எனக்குப் பாடம் எடுத்தவருக்கே மறந்துபோயிருந்தது. முதல் வருஷம் விலையில் பத்து சதவீதம் கழி. அடுத்த வருஷம் மிச்சத்தில் பத்து சதவீதம். இப்படியே போகும். இதில் ஒரு வேடிக்கை, எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் வராது. போன வாரம் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 1920-ல் ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு ரயில் இன்ஜின் வாங்கியதாக வைத்துக்கொண்டால், 2020-ல் அதன் மதிப்பு ரெண்டு ரூபாய் அறுபத்தாறு காசு.

ராத்திரி ஒரு மணிக்கு உனக்கு எதற்கடா ரயில் இன்ஜின் என்று என் மனைவியும் கேட்டாள். காரணம் இருக்கிறது.

பத்திரிகையில் எழுதிப் பிழைக்கலாம் என்கிற விபரீத எண்ணம் வருவதற்கு முன்னால், 2012-ல், கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்கு ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், முதலாளி இன்னும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார். தினமும் மூர் மார்க்கெட்டில் ஏறி, கொருக்குப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற லோக்கல். அந்தத் தடத்தில் போகிறவர்களுக்குத் தெரியும். எண்ணூர் தாண்டும்வரை தூங்கலாம், பொன்னேரி வந்தால் கொய்யாப்பழம். கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் சிப்காட்.

எங்கள் ஆலையின் தொழில் ரொம்ப எளிமையானது. ஒரு கேட் வழியாகப் பழைய இரும்பு லாரியில் வரும். எடை மேடையில் ஏறும். யார்டில் கொட்டி, கேஸ் கட்டிங் வைத்து நறுக்கி, பர்னஸில் போட்டு உருக்கி, கட்டிடக் கம்பியாக இன்னொரு கேட் வழியாக வெளியே போகும். சைக்கிள், பீரோ, கப்பல் தகடு, கோயில் உண்டியல், எல்லாம் உள்ளே போகும்; வெளியே வருவது எல்லாம் எட்டு எம்.எம். கம்பி. மறுபிறவியில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு நாள் கும்மிடிப்பூண்டி வந்து பார்க்கலாம்.

ஒரு நாள் ஆந்திராவிலிருந்து ஒரு லோடு. ஏதோ பழைய ஆலையைப் பிரித்த இரும்பு. யார்டு மேஸ்திரி ஆபீசுக்கு வந்து வாசலில் நின்றார். அறுபதை நெருங்கிய மனிதர், என்னை 'கணக்கு சார்' என்பார்.

"கணக்கு சார், ஒரு நிமிசம் வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். சின்னச் சக்கரங்கள். அச்சோடு சேர்ந்து மூன்று ஜோடி. ரயில் சக்கரம் மாதிரியே உள்பக்கம் விளிம்பு. ஆனால் குழந்தை ரயில் சைஸ். மேஸ்திரி இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கையால் அளந்தார். "ஒண்ணேகால் முழத்துக்குக் கொஞ்சம் கூட" என்றார்.

"குவாரியில கல்லு தள்ற வண்டியா இருக்கும்" என்றேன், எனக்குக் குவாரி பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் தைரியமாக.

"தள்ளு வண்டின்னா இது எதுக்கு சார்?" என்று ஒரு சக்கரத்தைக் காட்டினார். ஆரங்களுக்கு நடுவில் ஒரு பக்கம் மட்டும் பிறை நிலா மாதிரி இரும்பு கெட்டியாக அடைத்திருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரல் போகிற அளவுக்கு மேல் ஓர் ஓட்டை. "இத மட்டும் ஓரமா வெக்கட்டுமா? யாருக்காவது காட்டலாமே."

நான் மணியைப் பார்த்தேன். அது மார்ச் மாசம். ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருந்தார். "எடை போட்டாச்சு, பில்லும் போட்டாச்சு. இப்ப எடுத்து வெச்சா ஸ்டாக்கில் உதைக்கும்" என்றேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆபீசுக்குத் திரும்பி வந்து 'கலப்பு இரும்பு' என்று எழுதினேன். மூன்று நாள் கழித்து ஞாபகம் வந்து, ஒரு நண்பனிடம் கேமரா வாங்கிக்கொண்டு யார்டுக்குப் போனேன். அந்த இடத்தில் வாஷிங் மெஷின் மலை ஒன்று இருந்தது.

இதை நான் பல வருஷம் மறந்தே போனேன்.

ஞாபகம் வந்தது ஒரு புகைப்படத்தால். இங்கிலாந்தில் லெய்ட்டன் பஸ்ஸர்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. அதில் 778 என்று எண் எழுதிய ஒரு குட்டி நீராவி இன்ஜின். இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டியைப் பொதி மாதிரி தூக்கிக்கொண்டு, கழுதைக்கும் இன்ஜினுக்கும் பிறந்தது போல நிற்கிறது. கீழே சக்கரங்கள். சக்கரத்தில் பிறை.

அந்தப் பிறைதான் எதிர் எடை. இன்ஜின் சக்கரங்களைப் பிஸ்டன் நேராகச் சுற்றுவதில்லை. கனமான இரும்புத் தண்டுகள், சக்கரத்தில் மையம் தள்ளிய ஓர் ஊசியில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் போகும். அந்தத் தண்டின் கனத்துக்குச் சமமாக எதிர்ப்பக்கம் எடை வைக்காவிட்டால் வண்டி குதிக்கும். எதிர் எடையும் ஊசி ஓட்டையும் இன்ஜினின் இயக்கு சக்கரத்துக்குத்தான் தேவை. குவாரித் தள்ளு வண்டிக்கு அது எதற்கு? மேஸ்திரி கேட்டது இதைத்தான். எட்டாம் வகுப்பு படித்தவர் சரியான கேள்வி கேட்டார், பி.காம். முதல் வகுப்பு தப்பான பதில் சொன்னது.

அந்த 778-இன் கதை பெரிய கதை. முதல் உலகப் போரில் பிரான்ஸில் பதுங்குகுழிகளுக்குப் பீரங்கிக் குண்டு கொண்டுபோக வேண்டும். ரோடெல்லாம் குண்டு விழுந்து சேறு. லாரி புதைகிறது, குதிரை புதைகிறது. ஆகவே 600 மில்லிமீட்டர் அகலத்தில், அதாவது இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவாக, பொம்மை ரயில் மாதிரி தண்டவாளம் போட்டார்கள். நம் பிராட்கேஜ் 1676. இது அதில் பாதிகூட இல்லை. குண்டு விழுந்து பெயர்ந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பப் போட்டுவிடலாம். பிரிட்டிஷ் தொழிற்சாலைகளால் வேண்டிய அளவு இன்ஜின் செய்து மாளவில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்த பால்ட்வின் கம்பெனிக்கு ஆர்டர் போனது. 1916, 17-ல் சில மாதங்களுக்குள் 495 இன்ஜின் செய்து கப்பலேற்றினார்கள். ஒவ்வொன்றும் பதினாலரை டன்.

நல்ல இன்ஜினா என்றால், சுமார்தான். தலை கனம். ரிவர்ஸில் போனால் தடம் புரளும் என்று பெயர் வாங்கியது. தவிர, நீராவி இன்ஜின் பகலில் புகையும், ராத்திரியில் நெருப்பு தெரியும். இரண்டும் எதிரிக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது மாதிரி. அதனால் கடைசி சில மைல் பெட்ரோல் இன்ஜின் இழுக்கும். பால்ட்வின் பின்னால் நின்றுவிடும்.

யுத்தம் முடிந்தது. 495 இன்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தள்ளிவிட்டார்கள். சில பிரிட்டனிலேயே குட்டி ரயில் பாதைகளுக்குப் போயின. கணிசமானவை இந்தியாவுக்கு வந்தன. உத்தரப் பிரதேசத்தில் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு இழுத்தன. சோம் போர்முனைக்குக் குண்டு சுமந்த ஜாதி, முஸாபர்நகர் பக்கம் கரும்புச் சக்கையைத் தின்றுகொண்டு ஐம்பது அறுபது வருஷம் உழைத்தது.

இங்கேதான் விஷயம். பிரிட்டனில் தங்கிய பால்ட்வின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேல்ஸில் 590 என்று ஒன்று ஓடியது. அந்தப் பாதையே இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பெயர்க்கப்பட்டு, 1942-ல் இன்ஜினும் வெட்டப்பட்டது. ஒரு யுத்தத்துக்காகப் பிறந்து இன்னொரு யுத்தத்தில் பழைய இரும்பானது. பிழைத்தவை இந்தியாவுக்கு வந்தவைதான். வெள்ளைக்காரன் தன் இன்ஜினைப் பார்க்க ஆசைப்பட்டபோது நம் சர்க்கரை ஆலைகளுக்கு வந்து, கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தவற்றை விலை பேசிக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. 778 அப்படித் திரும்பிப் போனதுதான். 2007-ல் மறுபடி நீராவி விட்டது. ஹன்ஸ்லெட் என்கிற பிரிட்டிஷ் கம்பெனி அதே யுத்தத்துக்குச் செய்த 1215 என்கிற இன்ஜின் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. அதுவும் எங்கே? குயின்ஸ்லாந்தில் கரும்பு ஆலை. அது 2018-ல் ஓடியது. ராணுவ இன்ஜின்களைக் காப்பாற்றியது மியூசியமில்லை, சர்க்கரை.

எப்படிக் காப்பாற்றியது என்பதுதான் என் தொழில் சம்பந்தப்பட்டது. இந்த ஆலைகளில் யாரும் 'இது சரித்திரச் சின்னம்' என்று வைத்திருக்கவில்லை. ஓடுகிறவரை ஓட்டினார்கள். ஓடாதபோது ஓரமாகத் தள்ளினார்கள். கணக்குப் புத்தகத்தில் மதிப்பு மூன்று ரூபாய், ரெண்டு ரூபாய் என்று இறங்கிக்கொண்டே வந்தது, யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வாரத்தில் ஏலம். ஒரு கணக்குப்பிள்ளை சோம்பேறியாக இருந்ததால் ஓர் இன்ஜின் பிழைத்திருக்கிறது. சுறுசுறுப்பான கணக்குப்பிள்ளை கும்மிடிப்பூண்டியில் இருந்தான்.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் வந்தது. 1913-ல் ஓசூர் வரை நீண்டது. 1941-ல் மூடினார்கள். யுத்த காலம், தண்டவாளமும் போயிற்று. அங்கே மறுபடி ரயிலுக்கு அடிக்கல் நாட்ட 2019 ஆயிற்று. இன்னும் பின்னால் போனால் நம் செங்குன்றம். 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ரோடு போடக் கல் ஏற்றிவர ஒரு ரயில் பாதை இருந்தது. பம்பாய்-தானா ரயிலுக்குப் பதினாறு வருஷம் முன்னால். செங்குன்றம் மார்க்கெட்டில் நின்று அதைப் பற்றி நாலு பேரைக் கேட்டேன். மூன்று பேர் பஸ் நம்பர் சொன்னார்கள். ஒருவர், "ரயிலுக்கு நீ பொன்னேரி போவணும்பா" என்றார்.

பக்கத்தில் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளத்தில் பிற்பாடு கார் ரேஸ் விட்டார்கள். அது மட்டும் ஊருக்கெல்லாம் ஞாபகமிருக்கிறது. சத்தம் போட்டால்தான் சரித்திரம் போலிருக்கிறது.

முழுக்கக் குறை சொல்வதற்கும் இல்லை. 1855-ல் செய்த 'எக்ஸ்பிரஸ்' என்கிற நீராவி இன்ஜினுக்கு 2010-ல் மறுபடி உயிர் கொடுத்தது நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்தான். கிடைக்காத பாகத்தை உட்கார்ந்து செய்யத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. யாராவது 'செய்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு யுத்த இன்ஜினை மட்டும் எனக்குப் பார்க்க ஆசையில்லை. டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் மியூசியத்துக்குள் நுழைந்ததும் பளபளவென்று கறுப்பாக நிற்கிறதாம். சி56-31. ஜப்பான் ராணுவம் இந்த ரகத்தில் 90 இன்ஜின்களின் சக்கரங்களை மீட்டர்கேஜுக்கு மாற்றித் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பியது. சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த இன்ஜின் அது. 1979-ல் பழைய ராணுவ ரயில்வேக்காரர்கள் பணம் போட்டுத் தாய்லாந்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தப் பாதையில் மண் வெட்டியவர்களில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் பசியிலும் போனவர்களுக்குக் கணக்கு இல்லை. செத்துப்போன வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டி, பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்து. நம்மவர்களுக்கு அங்கே ஒரு நடுகல் வைக்க 2023 ஆயிற்று. என் பாட்டியின் அண்ணன் பொன்னேரிப் பக்கத்திலிருந்து மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். யுத்தத்தில் கடிதம் நின்றது. யுத்தம் முடிந்தும் வரவில்லை. சயாமுக்குப் போனாரா, தோட்டத்திலேயே போனாரா, யாருக்கும் தெரியாது. பாட்டி இருக்கிறவரை ஆடி அமாவாசைக்கு ஒரு இலை கூடப் போடுவாள். இன்ஜினுக்கு நம்பர் இருந்தது, தேடிக் கண்டுபிடித்தார்கள். தாத்தாவுக்கு நம்பர் இல்லை.

சரி, சக்கரம்.

போன மாசம் ஒரு நண்பனுக்கு ஜி.எஸ்.டி. விவகாரமாகக் கும்மிடிப்பூண்டி போக வேண்டியிருந்தது. மனசு கேட்காமல் பழைய ஆலைப் பக்கம் போனேன். மேஸ்திரி ரிட்டயராகிவிட்டார். கவரைப்பேட்டையில் பெண்ணோடு இருக்கிறார் என்றார்கள். கேட்டில் வாட்ச்மேன் புதுசு. பெரிய இரும்புக் கேட் காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க, அதன் அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நீல பெயின்ட். அதன் மேல் பழைய சந்தனம், குங்குமம். நடுவில் அச்சை வெட்டி எடுத்த தழும்பு. ஆரங்களுக்கிடையே பிறை.

"இது எப்பலேருந்து இங்க இருக்கு?"

"நான் வரச்சேவே இருக்கு சார். பழைய மேஸ்திரி வெச்சதாம். உருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். ஆயுத பூஜைக்கு மொதப் பொட்டு இதுக்குத்தான்."

குனிந்து பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன். எண் எதுவும் இல்லை. குறுக்காகச் சாண் போட்டேன். இரண்டரைச் சாணுக்குச் சற்று மேல். பால்ட்வினின் இயக்கு சக்கரம் 23½ அங்குலம். என் சாண் ஒன்பது அங்குலம் என்றால் கிட்டத்தட்ட வருகிறது. எட்டரை என்றால் வரவில்லை. தவிர, ஆந்திராவில் அந்தக் காலத்தில் யார் யாரோ குட்டி இன்ஜின் ஓட்டியிருக்கலாம். தொண்ணூறு சதவீதம் அது பால்ட்வின் இல்லை. மிச்சப் பத்து சதவீதத்தை நான் மூன்று ஜோடியில் ஐந்து சக்கரமாக உருக்கிவிட்டேன்.

இதில் இன்னொரு சிக்கல். என் கையெழுத்தில் உள்ள ஸ்டாக் புத்தகத்தின்படி இந்த ஆறாவது சக்கரமும் 2012 மார்ச்சிலேயே பர்னஸுக்குள் போய்விட்டது. கணக்கில் இல்லாத சரக்கு. மேஸ்திரி என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே ஒரு லாரி ஹாரன் அடித்தது. "வண்டி வெளிய போவணும், தள்ளிக்க சார்" என்று வாட்ச்மேன் சக்கரத்தைக் கேட்டிலிருந்து விலக்கி, நிமிர்த்தி, காலை வைத்து ஓர் உந்து உந்தினார். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். மெதுவாக ஒரு சுற்று உருண்டது. நின்றது. பிறகு தானாகவே கொஞ்சம் பின்னால் வந்தது, முன்னால் போனது, பிறை கீழே வந்து அசையாமல் நின்றது.

"எங்க தள்ளினாலும் இப்டித்தான் சார்" என்றார் வாட்ச்மேன். "அந்தப் பக்கமாத்தான் வந்து நிக்கும். ஏன்னு தெரில."

எனக்குத் தெரிந்திருந்தது. லாரி போகிறவரை இருந்து, அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.